ஊரை விடாத விஞ்ஞானி

தஞ்சை மாவட்டம் பாபநாசத்தைச் சுற்றி எங்கும் நெல் வயல்கள். அந்தப் பயிர்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து, வெயிலின் உதவியால் நமக்கு அரிசியாக்கித் தருகின்றன. அதே வாயுவை எரிபொருளாக மாற்ற வழி கண்டவர் பால் சபாத்தியே.

1854ல் பிரான்சின் கார்கசோன் நகரில் பிறந்தார். தூலூஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். 1902ல் சென்டரன்ஸ் என்ற பாதிரியாருடன் சேர்ந்து, சூடான நிக்கல் தூளின் மீது கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் செலுத்தினார். வெளியே வந்தவை மீத்தேனும் தண்ணீரும்! சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இந்த மீத்தேன்தான். நிக்கலோ துளியும் செலவாகவில்லை. வேலையை வேகப்படுத்தியதோடு சரி. இப்படிப்பட்ட பொருளுக்கு வினையூக்கி என்று பெயர்.

1907ல் பாரிசிலிருந்து பெரிய பதவி தேடி வந்தது. தூலூசை விட்டு வர மறுத்துவிட்டார். பாரிசில் வசிப்பவர்களே பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முழு உறுப்பினராகலாம் என்பது அன்றைய விதி. 1912ல் விக்டர் கிரின்யாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டே வெளியூர்க்காரர்களுக்கென 6 இடங்களைக் கழகம் உருவாக்கியது. அதில் முதலில் தேர்வானவர் சபாத்தியேதான்!

1941ல் காலமானார். 2010ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அவரது முறைப்படி இயங்கும் கருவி பொருத்தப்பட்டது. வீரர்கள் வெளிவிட்ட மூச்சிலுள்ள கரியமில வாயுவிலிருந்து அது தண்ணீர் தயாரித்தது. செவ்வாய் கிரகத்தின் காற்றில் பெரும்பகுதி கரியமில வாயுதானே? அங்கே போகும் ராக்கெட் திரும்பி வரத் தேவையான மீத்தேனை அங்கேயே தயாரித்துக்கொள்ளலாம் என்று விஞ்ஞானிகள் திட்டமிடுகின்றனர்.