கல் வட்டம் அமைத்த கவிஞர்

வேல்ஸ் நாட்டின் கிளாமோர்கன் வட்டாரத்தில் 1747-இல் பிறந்தவர் எட்வர்ட் வில்லியம்ஸ். கல்தச்சுத் தொழிலாளி. 'இயோலோ மோர்கானுக்' என்பது அவருடைய புனைபெயர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தம் கடையில் விற்க மறுத்தவர் அவர்.

துரூயிட்டுகள் எனப்பட்ட பண்டைய கெல்டியக் குருமாரின் மரபு தம் வட்டாரத்தில் அறுபடாமல் வந்ததென அவர் அறிவித்தார். 1792-இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக அடுக்கி, 'கோர்செத்' என்னும் கவிஞர் அவையைக் கூட்டினார். அங்கே உருவிய வாள் ஒன்றைக் கவிஞர்கள் ஒன்றுகூடி உறையிலிட்டனர். 1819-இல் கார்மார்தன் நகரில் நடந்த ஐஸ்தெத்வோத் கலைவிழாவுடன் அவ்வவை இணைந்தது. அந்த உறவு இன்றும் நீடிக்கிறது.

1826-இல் இயோலோ மறைந்தார். இருபதாம் நூற்றாண்டில் அறிஞர் ஜி. ஜே. வில்லியம்ஸ் உண்மையை வெளிக்கொணர்ந்தார். பழமையானவை என்று இயோலோ காட்டிய சடங்குகள் அவரே படைத்தவை. இடைக்காலக் கவிஞர் தாவித் அப் குவிலிமின் பெயரிலும் தம் பாடல்களைக் கலந்திருந்தார்.

ஆயினும் கல் வட்டம் கலையவில்லை. இன்றைய துரூயிட் குழுக்களில் கிறிஸ்துவர் உண்டு, பல தெய்வங்களை வணங்குவோர் உண்டு, எத்தெய்வத்தையும் ஏற்காதோரும் உண்டு. இவர்களில் பலர் இயோலோ தந்த வேண்டுதலையே சொல்கின்றனர். இறைவன், இறைவி, பேராற்றல் என விளிக்கும் பெயரை மட்டும் அவரவர் மாற்றிக்கொள்கின்றனர்.

அவர் செய்த புனைவு புனைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அதை அறிந்த பின்னரும் அவர்கள் கூடுகிறார்கள் என்றால், அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது பழமை அன்று. சேர்ந்திருக்க வேண்டும் என்னும் விருப்பமே.