சட்டம் கற்பித்த பேராசான்

கற்றவர் பலர். கற்றதைப் பிறர் உள்ளத்தில் நிலைபெறுமாறு கற்பிக்கும் வகையறிந்தவர் சிலரே. நம் அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டம் வகுத்த மேதை என உலகம் போற்றுகிறது. தம்மத்தின் பாதையைக் காட்டிய போதிசத்துவர் என நாம் வணங்குகிறோம். ஆயினும், அவர் பம்பாய்ச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் முதல்வராகவும் அமர்ந்து, சட்டத்தை எவ்வாறு கற்பிக்க வேண்டும், எவ்வாறு கற்க வேண்டும் என ஆராய்ந்த பெருந்தகை என்பதை நம்மில் பலர் அறியார். அவர்தம் வாழ்வின் அப்பகுதியை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைவீட்டு நகரில் தோன்றினார். பள்ளியில் அவருக்குக் கிடைத்த இடம் மற்றப் பிள்ளைகளினின்று விலக்கப்பட்ட ஒரு மூலை. உட்காருவதற்கு வீட்டிலிருந்து கொணர்ந்த கோணித் துண்டு. பானையைத் தொட உரிமையில்லை. ஊற்றுவதற்குப் பள்ளிச் சேவகன் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதே. எழுதப்படாத ஒரு சட்டம் ஒரு சிறுவனின் தொண்டையைக் கூட வறளச் செய்யும் என்பதே அவர் கற்ற முதற் சட்டப் பாடம் என்னலாம்.

1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். நல்லாசிரியர் ஒருவர் கொடுத்த அந்நூல் பிற்காலத்தில் என்ன விளைவித்தது என்பதை நாமே அறிவோம். பின்னர்ப் பரோடா மன்னரின் உதவியால் 1913இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக் கழகம் சென்றார். ஆங்கே கல்வித் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வகுப்புகளில் பயின்றார். செய்து கற்பதே கல்வி என்னும் அவ்வறிஞரின் கொள்கை அண்ணலின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1916இல் இலண்டன் சென்று கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். பொருள் முடையால் இடையில் நாடு திரும்பி, மீண்டும் சென்று, 1922இல் பாரிஸ்டர் ஆனார்.

அவ்விடைக் காலத்தில், 1918 முதல் 1920 வரை, பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றினார். அங்கும் உடன் ஆசிரியர் சிலர், தம் அறையிலிருந்த குடத்து நீரை அவர் அருந்தலாகாது எனத் தடுத்தனர். மாணவர்களோ, முதலில் அவரைப் பொருட்படுத்தாதிருந்தும், அவர்தம் பாடத்தின் ஆழம் கண்டு வியந்தனர். பிற கல்லூரி மாணவரும் வந்து கேட்கலாயினர். குடத்தைக் காத்தவர் ஆசிரியர். அறிவைத் தேடியவர் மாணவர். எவர் உண்மையில் கற்றவர் என்பதை அன்பர்களே முடிவு செய்து கொள்க.

வழக்கறிஞராகப் பதிவு பெற்ற பின்னும் அவர் கற்பிப்பதைக் கைவிடவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1928இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியர் ஆனார். அக்கல்லூரி 1855இல் தோன்றிய பழம்பெரும் நிலையம். அதன் முதல்வர் பதவி 1935ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவரை வந்தடைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்த்தான், மே 27ஆம் நாள், அன்னை ரமாபாய் மறைந்திருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்னும் பேரறிவிப்பையும் செய்தார். ஆகவே, துயரும் போராட்டமும் ஒருங்கே சூழ்ந்த காலத்தில்தான் அவர் அக்கல்லூரியை நடத்தினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவர் கற்பித்த முறையாவது யாது? ஆங்கில அரசியலமைப்புப் பற்றி அவர் மாணவர்க்கு ஆற்றிய விரிவுரைகள் இன்றும் அச்சில் உள்ளன. அக்காலத்தில் டைசி என்னும் ஆங்கிலேய அறிஞரின் நூலே அப்பாடத்திற்கு அடிப்படை. பார்லிமெண்டின் இறைமை, சட்டத்தின் ஆட்சி, அரசியல் மரபுகள் ஆகிய மூன்றையும் அந்நூல் விளக்குகிறது. ஆயின், முடி என்பது யாது, பிரபுக்கள் சபை எத்தகையது, பொதுமக்கள் சபை எவ்வாறு இயங்குவது என்பனவற்றை ஆங்கிலேயப் பிள்ளை பிறந்த வீட்டுச் செய்தியாக அறிவான். நம் நாட்டுப் பிள்ளை அறியான். அவனோ பொருள் விளங்காமல் நெட்டுருச் செய்து தேர்வெழுதி வந்தான். அண்ணல் இக்குறையைக் கண்டார். நூலாசிரியர் சொல்லாமல் விட்டவற்றை முதலில் சொல்லி, அடித்தளம் இட்டு, அதன் மேல் கோட்பாட்டை எழுப்பினார். மாணவன் எங்கே நிற்கிறான் என அறிந்து, அங்கிருந்தே அவனைக் கைபிடித்து அழைத்துச் செல்வதே அவரது முறை.

1936ஆம் ஆண்டு ஜனவரியில், அக்கல்லூரியின் சஞ்சிகையில், பம்பாய் மாகாணச் சட்டக் கல்வியின் சீர்திருத்தம் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். வழக்கறிஞனாக விரும்புவோனுக்கு வேண்டுவன எவை என அதில் ஆராய்ந்தார். சட்டத்தின் மூலக் கோட்பாடுகளில் தெளிவு வேண்டும். விரிந்த பொது அறிவு வேண்டும். கருத்துக்களை ஒழுங்குபடுத்திச் செறிவாகவும் தெளிவாகவும் எடுத்துரைக்கும் திறன் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். பிரிவு எண்களை ஒப்புவிப்பவன் சட்டம் அறிந்தவன் ஆகான். பிரிவுகள் திருத்தப்படும், நீக்கப்படும். கோட்பாட்டை உணர்ந்தவனோ புதிய சட்டத்தையும் தானே விளங்கிக் கொள்வான்.

பொது அறிவையும் சட்ட அறிவையும் வெவ்வேறு காலங்களில் தனித்தனியே புகட்டுவதை அவர் ஏற்கவில்லை. சமுதாய இயல்களும் சட்டமும் ஒரே பாடத்திட்டத்தில் இணைந்து வளர வேண்டும் என்றார். நிலவரி எவ்வாறு விதிக்கப்பட்டது என அறியாதவன் நிலச் சட்டத்தையும், சாதியும் குடும்பமும் எவ்வாறு இயங்குகின்றன என அறியாதவன் வாரிசுச் சட்டத்தையும் எவ்வாறு உணர்வான்? ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு நம் நாட்டில் வேரூன்றியது. பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளி அம்முறையில் தொடங்கிய நிலையமே. அண்ணலின் சிந்தனை எத்துணைத் தொலைநோக்குடையது என்பதற்கு இது சான்று.

ஈண்டு ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாதிருக்க இயலாது. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரில் சவுதார்க் குளத்து நீரை அண்ணலும் மக்களும் அருந்தினர். சாதி இந்துக்கள் சிலர், அக்குளம் தமக்கே உரியது எனவும், தொன்றுதொட்ட வழக்கம் அதுவே எனவும் நீதிமன்றம் ஏறினர். அவ்வழக்கில் எதிர்வாதி நம் அண்ணல். கீழ்மன்றங்களைக் கடந்து சென்ற அவ்வழக்கில், 1937ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதி மன்றம், அத்தகைய தொன்மையான வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி அண்ணலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அன்று அவர் சட்டக் கல்லூரி முதல்வர். வழக்கம் என்பது யாது, அது எப்போது சட்டமாகும், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு எவருடையது என்பன சட்ட மாணவர் கற்கும் பாடங்கள். அவருக்கோ அவை ஏட்டுப் பாடங்கள் அல்ல. ஒரு மிடறு நீருக்காகப் பத்தாண்டு நடந்த போராட்டம். தாகத்தோடு பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவனுக்குச் சட்டம் அன்றுதான் விடை கூறியது.

1938இல் அவர் முதல்வர் பதவியைத் துறந்தார். கல்வித் தொண்டைத் துறந்தாரில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரி எழுந்தது. பகவானின் திருப்பெயரே அதற்கு இடப்பட்டது. அக்கல்லூரி மாணவர் பார்லிமெண்ட் ஒன்றை அமைத்து, மசோதா கொணர்ந்து வாதம் புரிந்து பயின்றனர். 1950ஆம் ஆண்டு ஜனவரியில், சட்ட மந்திரியாயிருந்த அண்ணலே அச்சபையின் முன் தோன்றி, இந்துச் சட்டத் தொகுப்பைப் பற்றி உரையாற்றினார். நாட்டின் சட்டத்தை வரைந்தவர், மாணவரின் சபையைச் சிறிதென எண்ணவில்லை. 1956இல் சித்தார்த்தச் சட்டக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் தம்மம் ஏற்றார். டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். ஆகவே, அவர் நமக்கு விட்டுச் சென்ற கடைசி நன்கொடைகளுள் ஒரு சட்டக் கல்லூரியும் உண்டு.

தம்ம வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. பகவான் வகுத்த விநயம் சங்கத்தின் சட்டமன்றோ? அதன் விதிகள் வெறுங் கற்பனையில் முன்னதாக வரையப்பட்டவை அல்ல. ஒரு நிகழ்ச்சி நேர்ந்து, அது விசாரிக்கப்பட்டு, அதன் பின்னரே ஒவ்வொரு விதியும் பிறந்தது எனப் பிடகம் கூறும். விதியோடு அதன் காரணத்தையும் சேர்த்துக் கற்பதே சங்கத்தின் மரபு. இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தை முழுவதும் எடுத்தோதிய பெருமகனார் யார்? சாக்கியர்க்கு முடி திருத்தும் தொழில் செய்த உபாலி! பிறப்பால் தாழ்த்தப்பட்டவர் எனக் கருதப்பட்ட அவரே சட்டத்தின் காவலர் ஆனார். பம்பாய் தாதரில் தமக்கும் தம் நூல்களுக்குமெனக் கட்டிய இல்லத்திற்கு இராசகிருகம் என்றே அண்ணல் பெயரிட்டதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

அன்பர்களே! இன்று நம் பிள்ளைகள் சட்டக் கல்லூரிகளில் பயில்கின்றனர். நம் பாட்டனார் நுழைய அஞ்சிய நீதிமன்றத்தில் அவர்கள் கருப்பங்கி அணிந்து நிற்கின்றனர். பட்டம் பெறுதல் ஒன்றே போதுமெனில், விடைத்தாள் நூல்களை நெட்டுருச் செய்வதே போதும். அண்ணலின் வழி அதுவன்று. மூலக் கோட்பாட்டைத் தேடுக, வரலாறும் பொருளியலும் படித்திடுக, நாவன்மை பழகுக, விதியின் பின்னே வாழும் மனிதனைக் காண்க. இவ்வாறு கற்கும் ஒரு பிள்ளை, ஊர்க் குளத்தின் கரையில் தடுத்து நிறுத்தப்படும் ஏழைக்காக என்றேனும் ஒரு நாள் எழுந்து நின்று பேசுவான். சட்டக் கல்வியின் பயனாக நாம் வேண்டுவதும் அதுவே.