படையில்லாமல் ஹைதர் அலியைப் பார்க்கப் போன தஞ்சை பாதிரியார்: யார் இந்த சுவார்ட்ஸ்?

ராத்திரி நேர பைக் பயணம், காட்டோர டென்ட், ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை. வார இறுதியில் இப்படி ஊர் சுற்றுபவர்கள் கூடக் கூட, பழைய கேள்வி ஒன்றும் திரும்ப வருகிறது. ஏதாவது ஆபத்துன்னா என்ன பண்றது? கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் நல்லதா?

வழிப்பறியும் போரும் அன்றாடச் செய்தியாக இருந்த 18ஆம் நூற்றாண்டில் இது இன்னும் பெரிய கேள்வி. அந்தக் காலத்தில் காவிரி டெல்டாவிலும் அதைத் தாண்டியும் சுமார் 48 வருடம் சுற்றித் திரிந்தவர் தஞ்சாவூரில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ். 1779இல் படை எதுவும் துணைக்கு இல்லாமல் மைசூரின் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டு, பத்திரமாகத் திரும்பியவர். அது எப்படி முடிந்தது? எந்த இடத்தில் முடியாமல் போனது? அவருடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

அன்றைய பயணம் எப்படி இருந்தது?

இன்று தஞ்சாவூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் காரில் ஒரே நாளில் போய்விடலாம். அன்றைக்கு நடை, குதிரை, மாட்டுவண்டி அல்லது பல்லக்குதான். வழியில் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்பதே மாறிக்கொண்டிருக்கும். ஆற்காட்டு நவாப், தஞ்சை மராத்தியர், மைசூர், பாளையக்காரர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆளுக்கொரு பக்கம் படை வைத்திருந்தார்கள். 1773இல் கம்பெனியின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல்தான் துளஜா மன்னருக்கு நாடு திரும்பக் கிடைத்தது.

கிராமங்களில் காவல் முறை இருந்தது. காவல்காரருக்கு உரிய பங்கைக் கொடுத்தால் பொருளுக்கும் ஆளுக்கும் பாதுகாப்பு. வசதி உள்ளவர்கள் வாளும் ஈட்டியும் ஏந்திய சேவகர்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆயுதத்தோடு பயணம் செய்வது அப்போது சர்வசாதாரணம்.

ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஆயுதம் ஏந்திய ஆட்களோடு வருபவர் ஏதோ ஒரு தரப்பின் ஆளாகத்தான் தெரிவார். கம்பெனிச் சிப்பாய்களோடு மைசூர் எல்லைக்குள் நுழையும் வெள்ளைக்காரரை, பாதிரியார் என்று யார் நம்புவார்கள்?

யார் இந்த சுவார்ட்ஸ்?

1726இல் பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கினார். 1750இல், 23 வயதில், டேனிஷ்காரர்களின் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

தமிழோடு மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம், போர்த்துகீசியம் என்று கற்றுக்கொண்டே போனார். மன்னரிடமும் வயலில் நிற்கும் குடியானவரிடமும் துபாஷி இல்லாமல் நேரடியாகப் பேச முடிந்தது. பின்னாளில் அவர் உயிரைக் காத்தவற்றில் இந்த மொழிகளுக்கும் பங்குண்டு.

வெடிமருந்தைப் பக்கத்தில் பார்த்தவர்

துப்பாக்கி வாடையே படாத ஒரு துறவி என்று இவரை நினைத்துவிட வேண்டாம். 1760களில் இவர் இருந்த திருச்சிராப்பள்ளி பெரிய ராணுவ முகாம். கம்பெனிச் சிப்பாய்களுக்கு மத போதகராகவும் வேலை பார்த்தார், அதற்குச் சம்பளமும் வாங்கினார். அங்கே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் செத்துப்போனார்கள். அநாதையான பிள்ளைகளுக்காக அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

1764இல், மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கானுக்கு எதிராக மதுரை முற்றுகையிடப்பட்டபோது, காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கவும் போனார். போர் ஒரு ஊரை என்ன செய்யும் என்பது அவருக்குக் கண்கூடாகத் தெரியும்.

1778இல் தஞ்சாவூருக்கே குடிவந்தார். மறு வருடமே அந்தப் பயணம் வந்தது.

1779: ஸ்ரீரங்கப்பட்டணம் பயணம்

ஹைதர் அலிக்குக் கம்பெனி மீது கடும் கோபம். ஆபத்து வந்தால் உதவுவோம் என்று 1769 ஒப்பந்தத்தில் சொன்ன கம்பெனி, மராத்தியர்கள் மைசூர் மீது படையெடுத்தபோது எட்டிப் பார்க்கவில்லை. 1779 மார்ச்சில், ஹைதரின் படைக்குச் சரக்கு வந்து இறங்கும் மாஹே துறைமுகத்தையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்துக்கொண்டது. ஹைதரின் மனநிலையை அறியவும் சமாதானத்துக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும் மதராஸ் கவர்னர் தாமஸ் ரம்போல்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். ராணுவ அதிகாரியை அனுப்பினால் வேலைக்கு ஆகாது. அப்போதுதான் சுவார்ட்ஸின் பெயர் வந்தது. ஹைதரும் அவரை நம்பத் தயாராக இருந்தார்.

வேலையை ஏற்கலாமா என்று சுவார்ட்ஸ் நிறைய யோசித்தார். போரைத் தடுக்க முடிந்தால் நல்லது என்று நினைத்துக் கடைசியில் சம்மதித்தார். ஜூலையில் கிளம்பினார். மைசூர் எல்லைக் கோட்டையான கரூரில் சில வாரம் காத்திருந்து, கெஜலட்டி கணவாய் வழியாக மலையேறி, ஆகஸ்ட் கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை அது.

ஊருக்குள் காய்ச்சல் பரவியிருந்ததால் கோட்டை மதிலுக்கு வெளியே கூடாரத்தில் தங்கினார். ஹைதர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பலமுறை பேசினார். தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கிளம்பும்போது வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்து அனுப்பினார். சுவார்ட்ஸ் வேண்டாம் என்று மறுத்தார். பணத்தைத் திருப்பிக் கொண்டுபோனால் தங்களுக்கு ஆபத்து என்று அதிகாரிகள் கெஞ்சியதால் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு காசையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மதராஸில் அரசிடம் ஒப்படைக்கப் போனார், அவர்களும் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது.

சின்ன விஷயம்தான். ஆனால் தூது போகிற ஆளெல்லாம் பரிசோடு திரும்பும் காலத்தில், இவரை விலைக்கு வாங்க முடியாது என்று இரு தரப்புக்கும் அது சொல்லிவிட்டது.

போர் நடுவே எப்படி நடமாடினார்?

தூது பலிக்கவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. டெல்டா மக்கள் பல தலைமுறைக்கு மறக்காத ஐதர் கலாபம் இதுதான். ஊர்கள் எரிந்தன, மாடுகள் பறிபோயின, வயல்கள் தரிசாகின. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைத் திப்பு மடக்கிப் பிடித்தார்.

இந்த நேரத்திலும் சுவார்ட்ஸ் பயணம் செய்துகொண்டிருந்தார். பாதிரியாரை யாரும் தொடக்கூடாது, தாராளமாகப் போக விடுங்கள் என்று ஹைதர் தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். எதிரிப் படையின் காவலைத் தாண்டி அவர் போய்வர முடிந்தது. படைத்துணையோடு போயிருந்தால் அவரும் பிரெய்த்வெய்ட் போலப் பிடிபட வேண்டிய ஒரு எதிரி, அவ்வளவுதான்.

துப்பாக்கி இருந்தது, சோறு இல்லை

இந்த வாழ்க்கையின் உச்சம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இல்லை, தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நடந்தது.

போரால் ஓடிவந்த மக்களால் கோட்டை நிரம்பி வழிந்தது. காவலுக்குக் கம்பெனிப் படை இருந்தது. பீரங்கி, துப்பாக்கி, மருந்து எல்லாம் இருந்தன. சாப்பாடு இல்லை. தெருவில் மக்கள் பசியால் செத்தார்கள். நிற்க முடியாமல் காவல் இடத்திலேயே சிப்பாய்கள் விழுந்தார்கள்.

கிராமங்களில் நெல் இல்லாமல் இல்லை. அதைக் கொண்டுவர மாடுகளும் ஆட்களும் வரவில்லை. ஏன்? முன்பு வண்டிமாடு கொடுத்தவர்களுக்குப் பேசிய கூலி போகவில்லை, நெல்லும் மாடும் பிடுங்கப்பட்ட அனுபவம் வேறு. மன்னர் சொன்னாலும் கம்பெனி சொன்னாலும் நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

கடைசியில் மன்னர் சுவார்ட்ஸிடம் வந்தார். உங்கள் பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஒன்றிரண்டு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை கேட்டபோதும் கொடுத்தார்கள்.

துப்பாக்கியைக் காட்டி மாட்டைப் பிடிக்கலாம். ஒரு தடவை. இரண்டாவது தடவை மாட்டோடு ஆளும் காட்டுக்குள் போய்விடுவார். கோட்டைக்குள் இருந்த அத்தனை துப்பாக்கிக்கும் முடியாத வேலை, காசை ஒழுங்காகக் கொடுப்பார் என்ற ஒரு பெயரால் முடிந்தது.

நல்ல பெயர் எல்லா இடத்திலும் செல்லுமா?

செல்லாது. அதையும் சொல்லியாக வேண்டும்.

போரின் கடைசிக் கட்டத்தில் திப்புவிடம் சமாதானம் பேசப் போகும் தூதுக்குழுவோடு சேர சுவார்ட்ஸ் மறுபடி கிளம்பினார். சத்தியமங்கலத்தில் திப்புவின் அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். ஹைதர் 1782 டிசம்பரில் இறந்துவிட்டார். தந்தை கொடுத்த அனுமதி மகன் காலத்தில் செல்லவில்லை. சுவார்ட்ஸ் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிட்டார். போகக்கூடாத இடத்தில் திரும்பி வருவதும் பயணப் பாதுகாப்பில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று, முதல் தூதின்போது அவருடைய நேர்மையைக் கம்பெனி தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது. அவர் சமாதானம் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில் ஹைதரை எரிச்சலூட்டும் நடவடிக்கைகளும் நடந்தன. நல்லவர் ஒருவரை அனுப்பினால், அனுப்பியவர்களும் நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கோட்டை மதிலும் படையும் அவர் வாழ்ந்த ஊரைக் காத்தன என்பதும் உண்மை. ஆயுதமே தேவையில்லை என்று அவர் வாழ்க்கை சொல்வதாக எடுத்துக்கொள்ள முடியாது. வழிப்போக்கருக்கு ஆயுதம் எந்த அளவு உதவும் என்பதற்குத்தான் அது நல்ல எடுத்துக்காட்டு.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

சுவார்ட்ஸ் இறந்து 4 வருடம் முடிவதற்குள் நிலைமை மாறியது. மருது சகோதரர்களின் எழுச்சியை ஒடுக்கிய கையோடு, 1801 டிசம்பரில் தென் மாவட்டங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கம்பெனி தடை போட்டது. 1878இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இப்போது நடைமுறையில் இருக்கிறது.

• உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

• 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

• உரிமம் எந்தப் பகுதிக்குக் கொடுக்கப்பட்டதோ அங்கேதான் செல்லும். டூர் போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது.

• வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். டெல்டாவின் கோடியக்கரைக்கும் இதுதான் விதி. சுவார்ட்ஸ் கடந்த கெஜலட்டி பகுதி இப்போது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது, அங்கேயும் இதேதான்.

• உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. தேவைக்கு மேல் தாக்கினால் அந்த உரிமை கைகொடுக்காது.

ஆக, பெரும்பாலான பயணிகளுக்குத் துப்பாக்கி என்பது கைக்கு எட்டும் வழியே இல்லை. எட்டுகிற வழிகள் வேறு. அனுமதி உள்ள இடத்தில் மட்டும் தங்குவது, போகும் ஊரின் ஆட்களிடம் முன்பே பேசிவைப்பது, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பது, போகாதே என்று சொன்னால் திரும்பிவிடுவது. இதில் எதுவும் புதுசு இல்லை. கரூரில் வாரக்கணக்கில் அனுமதிக்காகக் காத்திருந்தவரும் இதைத்தான் செய்தார்.

கடைசி நாட்கள்

1787இல் துளஜா இறக்கும் முன், தத்துப் பிள்ளை சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க விரும்பினார். அரண்மனைப் பூசலில் சிறுவனின் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தபோது, 1793இல் அவரை மதராஸுக்கு அனுப்பிப் படிக்க வைக்க சுவார்ட்ஸ் துணை நின்றார். 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் காலமானார். அதே ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த அதே இரண்டாம் சரபோஜிதான்.

சென்னை ஜார்ஜ் கோட்டையில் உள்ள தூய மரியன்னை ஆலயத்தில் கம்பெனி அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தது. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் சரபோஜி வைத்தது இன்னொன்று. இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் அது. படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை இளம் மன்னர் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.