நீதிமன்றத்தில் தமிழ் கேட்ட நாவலாசிரியர்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்ற ஒற்றை வரியோடு பாடநூல்களில் முடிந்துவிடுகிறவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்பதும், ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் ஆங்கிலேயர் நீதித்துறையில் பணியாற்றியவர் என்பதும் அந்த வரிக்குள் அடங்குவதில்லை. அவரைப் பற்றி பதுளையிலும் பசறையிலும் ஹப்புத்தளையிலும் வாழ்வோர் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். அதற்கான விடை அவர் பிறந்த மண்ணிலேயே இருக்கிறது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் இருந்து கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே ஊவாத் தோட்டங்களில் இன்று வாழும் மக்களில் பெரும்பகுதியினர். அவர்களுடைய முன்னோர் பஞ்சத்தால் துரத்தப்பட்ட அதே ஆண்டுகளில், அதே நிலப்பரப்பில் அமர்ந்துதான் அவர் தமது நாவலை எழுதினார்.

1826ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி, திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வேதநாயகர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழையும் ஆங்கிலத்தையும் கற்றார். கல்லூரிப் பட்டமெதுவும் அவருக்கு இல்லை. 1848ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, தேர்வுகளில் தேறி முன்சீப் பதவியை அடைந்தார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் பணியாற்றிய பிறகு மாயூரம் சென்றார். அங்கே 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தமையால் அந்த ஊர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் என்பது சிறு செய்தியன்று. வழக்காடுபவன் பேசுவது ஒரு மொழி, நீதிபதி கேட்பது இன்னொரு மொழி, தீர்ப்பு எழுதப்படுவது மூன்றாவது கைக்கு மட்டும் விளங்கும் ஒரு மொழி என்றிருந்த காலத்தில், அந்த இடைவெளியில் நின்று சம்பளம் வாங்கியவர் அவர். நியாயம் எங்கே கசிந்து போகிறது என்பதை அங்கே நின்றவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1859ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘நீதிநூல்’ அறநூல்களின் வழிவந்த செய்யுள் நூலே. ஆயினும் கையூட்டு வாங்கும் அதிகாரிகளைக் கண்டிப்பதில் அது காட்டும் கூர்மை, ஏட்டில் படித்து வந்ததாகத் தோன்றவில்லை. 1862ஆம் ஆண்டு அவர் செய்த காரியம் அதனினும் பெரிது. 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். சட்டத் தீர்ப்புகளைச் சாதாரண மக்கள் தமது மொழியிலேயே படிக்க முடியும் என்பதைத் தமிழில் செய்துகாட்டிய முன்னோடி முயற்சி அது.

அந்நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டில், 1865இல், இலங்கையில் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் நிறைவேறியது. வேலைக்கு வராமை, கீழ்ப்படியாமை, முன்னறிவித்தல் இன்றி விலகிச் செல்லுதல் ஆகியவற்றைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கிய சட்டம் அது. தோட்டத்தைவிட்டு ஓடிய கோப்பித் தோட்டத் தொழிலாளி நீதவான் முன் நிறுத்தப்பட்டபோது வழக்கு நடந்த மொழி ஆங்கிலம். துரை சொன்னது நீதவானுக்கு நேரடியாக விளங்கியது. தொழிலாளி சொன்னது மொழிபெயர்ப்பாளர் விரும்பிய அளவுக்கே போய்ச் சேர்ந்தது. மாயூரத்தில் ஒரு முன்சீப் எந்த அநீதியைக் கண்டு மனம் புழுங்கினாரோ, அது அவருடைய ஊர்க்காரர்களை இந்த மலைகள் வரை பின்தொடர்ந்து வந்தது எனலாம்.

1872ஆம் ஆண்டு அவர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். மாயூரம் நகரசபைத் தலைவராகவும் பணிபுரிந்தார். எழுத்துப் பணி இதன் பின்னரே பெருகியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர், ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் அவருடைய நெருங்கிய நண்பர்கள். சைவ மடத்தின் தலைவரும் சைவப் புலவர்களும் ஒரு கத்தோலிக்கரோடு உறவாடிய அந்த நட்பில் எந்தத் தரப்பும் தன் சமயத்தை ஒளித்துவைக்கவில்லை. வேதநாயகர் மீது மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘குளத்துக்கோவை’ பாடினார். வேதநாயகர் தேவமாதா மீது அந்தாதி பாடியவர். 1878ஆம் ஆண்டு ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ நூலையும் வெளியிட்டார். எல்லா மதத்தாரும் பாடக்கூடிய அக்கீர்த்தனைகள் கருநாடக இசை மேடைகளில் இன்றும் ஒலிக்கின்றன.

1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் நினைவில் வைத்திருக்கிறது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. வேதநாயகர் தமது கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்தார். பஞ்சத்தின் கொடுமையை இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகள் பாடினார். அவருடைய கொடையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றியது இக்காலத்தில்தான். கஞ்சித் தொட்டிகள் எட்டாத இடங்களில் கங்காணிமார் எட்டினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மேலும் மலையேறியவர்களின் தொகை இந்த ஆண்டுகளில் மிகவும் பெருகியது. மதுல்சீமை, ஹப்புத்தளை, பதுளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் முழுத்தூரமும் கால்நடையாகவே வர வேண்டியிருந்தது. புகையிரதப் பாதை பண்டாரவளையை அடைந்தது 1894இல், பதுளையை அடைந்ததோ 1924இல். வழியில் விழுந்தவர்களின் கணக்கை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

பஞ்சம் தொடங்கிய அதே 1876இல் எழுதப்பட்டு 1879இல் அச்சேறிய நூல்தான் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. தமிழில் உரைநடைக் கதைநூல்கள் இல்லாத குறையை நீக்கவே இதனை எழுதியதாக அவர் முன்னுரையில் தெரிவிக்கிறார். ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜோன்சனின் கருத்தைப் பின்பற்றி, முதன்மை மாந்தரை முற்றிலும் நற்குணம் உடையோராகப் படைத்ததாகவும் சொல்கிறார். அங்கேதான் நாவலின் பலவீனமும் இருக்கிறது. கதாநாயகி ஞானாம்பாள் தவறே செய்வதில்லை. தவறு செய்யாத ஒருத்தியோடு வாசகர் நெடுநேரம் பழகுவது எளிதன்று. கதைக்குள் கதை, இடையிடையே நகைச்சுவைத் துணுக்கு, பிறகு நீண்ட அறவுரை என்று நூல் நிற்காமல் அலைகிறது. இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் அது படிக்கப்படுவதற்குக் காரணம், ஞானாம்பாள் செய்கின்ற காரியங்களே. ஆண் வேடத்தில் செல்லும் அவள், யானை மாலையிட்டதால் விக்கிரமபுரி என்ற நாட்டின் அரசாகிறாள். ஒரு பெண்ணின் கையில் நாட்டையே கொடுத்து, நீதி நிர்வாகத்தைச் சீர்திருத்தச் சொல்கிறார் ஆசிரியர். தாய்மொழியும் தமிழ், நீதிபதியின் மொழியும் தமிழ் என்றிருக்க, வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடி வழக்காளியை ஊமையாக்கும் கூத்தை நூல் கடுமையாக எள்ளி நகையாடுகிறது. நீதிமன்றம் மக்களின் மொழியில் நடைபெற வேண்டும் என்ற வாதம் அங்கே ஒளிவுமறைவின்றி வைக்கப்படுகிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கிறிஸ்தவர் எழுதிய இந்த நாவலில் எவரும் மதம் மாறுவதில்லை. கதைமாந்தர் இந்துக்கள், கடவுள் என்ற பொதுப்பெயரால் மட்டுமே இறைவனை அழைக்கின்றனர். கிறிஸ்தவக் கதை இலக்கியம் என்றால் மிஷன் பணியின் வெற்றியைச் சொல்வது என்றே அக்காலத்தில் பெரிதும் கருதப்பட்டது. ஊவாவில் பணியாற்றிய வெஸ்லியன் போதகர் சாமுவேல் லாங்டன் 1884இல் இலண்டனில் வெளியிட்ட ‘புஞ்சி நோனா’ இலங்கைக் கிராமத்துப் பெண்கல்வியைப் பற்றிய கதை. ஊவா மிஷன் பணியைப் பற்றியும் 1890இல் தனியாக ஒரு நூல் எழுதினார். ஞானாம்பாளைப் படைத்தவரும் புஞ்சி நோனாவைப் படைத்தவரும் பெண்கல்வியை நம்பிய கிறிஸ்தவர்களே. ஆனால் லாங்டனின் நூல்கள் ஆங்கிலத்தில், இங்கிலாந்து வாசகரை நோக்கி எழுதப்பட்டவை. வேதநாயகர் தமது அயலாரை நோக்கி, அவர்களுடைய மொழியில் எழுதினார். அவருடைய விசுவாசம் நீதியைப் பற்றிய பிடிவாதமாக வெளிப்பட்டது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

அந்தப் பிடிவாதத்தை ஊவா இன்றும் ஒதுக்கிவிட முடியாது. அரசியலமைப்புக்கான 16ஆவது திருத்தம் 1988ஆம் ஆண்டு சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகள் என அறிவித்தது. ஆயினும் தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளுக்கு வெளியே நீதிமன்றங்கள் சிங்களத்திலேயே இயங்கும் என்பதும் அதே திருத்தத்தின் ஏற்பாடு. அம்மொழி அறியாத வழக்காளிக்கு உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை அது தருகிறது. ஆகவே பதுளையிலோ பண்டாரவளையிலோ நீதிமன்றம் செல்லும் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கும் நீதிபதிக்கும் இடையில், 1848இல் வேதநாயகர் அறிந்த அதே இடைவெளியில், இன்றும் ஓர் உரைபெயர்ப்பாளர் நிற்கிறார். அவர் திறமையானவராகவும் உரிய நேரத்தில் கிடைப்பவராகவும் இருந்தால் சட்டம் தந்த உரிமை நிறைவேறும்.

வேதநாயகரின் நாவல் வெளிவந்த ஆறாம் ஆண்டில், 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். அவரும் ஒரு சட்டத்தரணியே. தமிழகத்திலும் இலங்கையிலும் தமிழ் நாவலின் கதவைத் திறந்த இருவரும் நீதிமன்றத்தில் இருந்து வந்தவர்கள் என்பதை ஆராய்வோர் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியரான மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வந்தது. இவ்விருவரும் கிறிஸ்தவர்கள்.

வேதநாயகர் தமது இரண்டாவது நாவலான ‘சுகுணசுந்தரி’யை 1887இல் வெளியிட்டார். குழந்தை மணத்தை எதிர்த்துப் பேசும் அந்நூல் முதல் நாவல் அளவுக்குப் பெயர்பெறவில்லை. அதற்குள் இலங்கையில் இலைநோயால் கோப்பி அழிந்து, ஊவாவின் சரிவுகளில் தேயிலை நடப்பட்டுக் கொண்டிருந்தது. ஊவா தனி மாகாணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி, தமது 62ஆவது வயதில் வேதநாயகம் பிள்ளை காலமானார்.