இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்ட சிறுவனும் 574 கோடுகளும்

சென்ற மாதம் சித்தியின் மகன் தன் மடிக்கணினியில் ஒரு விடயம் காட்டினான். பொறியியல் இறுதி வருடம் படிக்கிறான். லேசர் இருவாயியிலிருந்து வரும் ஒளிக்கற்றை வட்டமாக வராதாம், நீள்வட்டமாகத்தான் வருமாம். ஒளி வெளிவரும் வாய் ஒரு பக்கம் மிக ஒடுக்கம். ஒடுங்கிய பக்கமாகத்தான் ஒளி கூட விரியும். வில்லை ஒன்றால் அதைச் சமாந்தரமாக்கிய பிறகும் நீள்வட்டம் மாறாது. அதை வட்டமாக்க இரண்டு அரியங்களைச் சரித்து வைக்கிறார்கள். முதலாவது கற்றையை ஒரு பக்கமாக மட்டும் அகட்டும், ஆனால் பாதையைத் திருப்பிவிடும். இரண்டாவது இன்னும் அகட்டி, பழைய திசைக்கே கொண்டுவரும். கண்ணாடியை வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மென்பொருளில் செய்து பார்த்துவிடலாம். அவன் அரியத்தைக் கொஞ்சம் திருப்ப, திரையில் நீள்வட்டம் மெல்லக் கொழுத்தது.

எந்தக் கண்ணாடி என்று தெரிவுசெய்யும் பட்டியலில் எஃப், டி, சி என்று எழுத்துகள் இருந்தன. அவை என்ன என்று கேட்டேன். பிரவுன்ஹோபர் கோடுகள் என்றான். அந்தப் பெயரைத் தேடிப் போனவள்தான், ஒரு கிழமையாக வேறு வேலை ஓடவில்லை.

ஜோசப் பிரவுன்ஹோபர் 1787இல் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில், ஸ்ட்ராவ்பிங் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் கண்ணாடி வேலைக்காரர். பதினொரு வயதில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மியூனிக் நகரில் கண்ணாடி செய்யும் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். சம்பளம் கிடையாது. ஞாயிறு வகுப்புக்குப் போகவும் இரவில் வாசிக்கவும் முதலாளி விடவில்லை.

1801 யூலையில் அந்த வீடு இடிந்து விழுந்தது. பதினான்கு வயதுப் பையன் உள்ளே. பல மணித்தியாலம் தோண்டித்தான் உயிரோடு எடுத்தார்கள். பவேரியாவின் ஆட்சியாளர் மக்சிமிலியன் நேரில் வந்து பார்த்தார். பையனுக்குப் பதினெட்டுப் பொற்காசு கொடுத்தார். உட்ஸ்ஷ்னைடர் என்ற தொழிலதிபர் புத்தகங்கள் கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், மீள்குடியேறிய ஊரொன்றில், பங்கரிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி எழுதினேன். அந்த இரவை மட்டும்தான் எழுதினேன். நான் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் ஒரு பழுதான டோர்ச் லைட்டைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். அது கட்டுரையில் வரவில்லை. எடுக்கப்பட்ட இடத்தோடு கதையை முடிப்பது எங்களுக்கு வசதி.

பிரவுன்ஹோபர் அந்தக் காசில் கண்ணாடி வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினார். மிச்சக் காசைக் கட்டி, தொழில் பழகும் ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியிலிருந்து விடுபட்டார். பெயர் அட்டை அச்சடிக்கும் சுயதொழில் தொடங்கினார். அது சரிவரவில்லை. திரும்பவும் பழைய முதலாளியிடமே கூலிக்குப் போனார். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தையல் மெசின் மூலையில் கிடக்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்தகங்கள் மட்டும் வீணாகவில்லை. 1806இல் உட்ஸ்ஷ்னைடரின் கருவித் தொழிலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

பெனடிக்ட்பொயர்ன் என்ற ஊரில், துறவிகள் வெளியேற்றப்பட்ட ஒரு மடத்தில் அந்தத் தொழிலகத்தின் கண்ணாடி உலை எரிந்தது. கினான் என்ற சுவிஸ்காரரிடம் உலை வேலை பழகினார். அக்காலத்தில் வில்லை செய்வது பெரும்பாலும் கைப்பழக்கம். அரைத்துப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் திரும்ப அரைப்பார்கள். கணக்கிட்டுச் செய்ய வேண்டுமென்றால், ஒரு கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு முறிக்கிறது என்று திட்டமாகத் தெரிய வேண்டும். ஆனால் சிவப்பு எங்கே முடிந்து செம்மஞ்சள் எங்கே தொடங்குகிறது? அளப்பதற்கு ஒரு அடையாளம் இல்லை.

விளக்குச் சுடரை அரியத்தினூடாகப் பார்த்தபோது செம்மஞ்சளில் ஒரு பிரகாசமான கோடு கண்டார். சூரிய ஒளியிலும் அது இருக்குமா என்று பார்க்க அறையை இருட்டாக்கி, ஒடுங்கிய பிளவொன்றால் வெயிலை விட்டு, 24 அடி தள்ளி அரியத்தையும் தொலைகாட்டியையும் வைத்தார். அங்கே கறுப்புக் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. வொலஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1802இலேயே சிலவற்றைக் கண்டிருந்தார். பிரவுன்ஹோபர் 574 எண்ணினார். முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். அவை இடம் மாறுவதில்லை. அவற்றை எல்லைக்கல்லாக வைத்துக் கண்ணாடிகளின் முறிவுச் சுட்டியை ஆறு தசமதானம் வரை எழுதினார். கோடுகள் ஏன் வருகின்றன என்பது அவர் இறந்து முப்பது வருடம் கழிந்த பிறகுதான், கிர்க்கோபும் பன்சனும் சொல்லித் தெரிந்தது.

தம்பியின் பட்டியலில் இருந்த எஃபும் சியும் அவர் வைத்த எழுத்துகள். சின்ன டி மட்டும் பின்னர் வந்த ஹீலியக் கோடு. ஒடுங்கிய பிளவால் வந்த ஒளி தூரத்தில் எப்படி விரியும் என்று ஆராய்ந்தவரும் அவரே; அந்த விரிவுக்கும் அவர் பெயர்தான். லேசரின் நீள்வட்டமும் அந்த வகைதான்.

பல்கலைக்கழகம் போகாதவரை விஞ்ஞானக் கழகத்தில் சேர்க்க எதிர்ப்பு இருந்தது. 1824இல் பிரபுப் பட்டம் வந்தது. அதே வருடம் அவர் செய்த பெரிய தொலைகாட்டி இன்றைய எஸ்தோனியாவிலுள்ள டோர்பாட்டுக்குப் போனது. 1826 யூன் 7இல், 39 வயதில், காசநோயால் இறந்தார். அவருடைய பட்டறையிலிருந்து போன கருவியால் 1838இல் பெசல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தார்.

நேற்றுத் தம்பி அழைத்தான். கற்றை வட்டமாகிவிட்டதாம், ஆனால் அவன் தெரிவுசெய்த கண்ணாடி விலை கூடவாம். மலிவான கண்ணாடிக்கு முறிவுச் சுட்டி குறைவு, அதனால் அரியத்தின் கோணங்களை முதலிலிருந்து கணக்கிட வேண்டும் என்றான். நான் பழைய குறிப்புப் புத்தகத்தில் அந்தச் சிறுவனின் ஊரையும் வீட்டு இலக்கத்தையும் தேடிக்கொண்டிருந்தேன்.