பறவை மனிதர் சாலிம் அலி

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார் சாலிம் அலி. சின்ன வயசிலேயே அப்பா, அம்மாவை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு! என்ன குருவி என்று மாமாவுக்கே தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பார்த்ததும் அவர் வாழ்க்கையே மாறிப் போச்சு. 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிப் புத்தகம் எழுதினார். பரத்பூரையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பாற்றக் குரல் கொடுத்தார். 1987 ஜூன் 20-ல் மறைந்தார்.

நம்ம அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருது. 2024-ல் அதை ராம்சர் தலமா அறிவிச்சாங்க.

நானும் உண்டிவில்லால் குருவி அடிச்சிருக்கேன். அதோட பேரைக்கூட யாரிடமும் கேட்கலை. இப்போ உண்டிவில்லைத் தூக்கிப் போட்டுட்டேன். நீங்களும் போட்டுடுங்க!