மருத்துவர் வரைந்த கிறிஸ்துமஸ் பரிசு

கிறிஸ்துமஸ் நாளில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் படப்புத்தகம் பரிசளிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அவ்வாறு பரிசாகப் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஒரு நூலை ஆக்கியவர் தொழிலால் எழுத்தாளரும் அல்லர், ஓவியரும் அல்லர். அவர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் வாழ்ந்த மருத்துவர். டாக்டர் ஹைன்ரிக் ஹாஃப்மன் என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை நாம் சிறிது காண்போம்.

ஹாஃப்மன் 1809ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த அவரைத் தாயின் சகோதரியே தாயாக நின்று வளர்த்தார். ஹைடல்பர்க், ஹாலே ஆகிய நகரங்களில் மருத்துவம் கற்றுத் திரும்பியதும் ஏழைகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கினார்.

அந்நாளில் குழந்தைகள் குறும்பு செய்தால் டாக்டரைக் கூப்பிடுவேன் என்று பெரியவர்கள் மிரட்டுவார்களாம். இன்றும் நம் வீடுகளில் ஊசி போடும் டாக்டரைச் சொல்லித்தானே மிரட்டுகிறோம்! ஆகவே ஹாஃப்மன் படுக்கையருகே வந்ததும் நோயுற்ற குழந்தை வீறிட்டு அழும். அவரோ கோபிக்காமல் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, தலைமுடியும் நகமும் வெட்டிக்கொள்ள மறுத்த ஒரு சிறுவனை வரைவார். முடி நீளும், நகம் வளரும். குழந்தை அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கும். அதற்குள் நாடி பார்த்து முடித்துவிடுவார்.

1844ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கியது. மூன்று வயது மகன் கார்லுக்குப் படப்புத்தகம் வாங்க அவர் கடைகளுக்குச் சென்றார். அங்கே இருந்தவை நீண்ட கதைகளும் வறண்ட அறிவுரைகளும்தாம். மூன்று வயதுக் குழந்தைக்கு இவை எதற்கு என்று எண்ணிய அவர், எழுதப்படாத ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அதில் தாமே பாட்டு எழுதி, தாமே படம் வரைந்து வண்ணம் தீட்டினார். சூப் குடிக்க மறுத்து மெலிந்து போன பையன், விரல் சூப்பும் பையன் எனப் பலர் அதில் வந்தனர். கறுப்பு நிறச் சிறுவன் ஒருவனைக் கேலி செய்த பையன்களை நிக்கோலாஸ் பெரிய மைக்கூட்டில் அமிழ்த்தி எடுப்பதும் அதில் ஒரு கதை. நிறத்தைப் பழிப்பது தவறென்று அன்றே மழலையருக்குச் சொன்ன கதை அது.

நோட்டைக் கண்ட நண்பர்கள் வியந்தனர். பதிப்பாளர் ஒருவர் கேட்டுக்கொள்ள, 1845இல் அது நூலாயிற்று. ஹாஃப்மன் தம் பெயரை வெளியிடாமல் புனைபெயரையே இட்டார். அச்சிட்ட 1,500 படிகளும் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்தன. பரட்டைத்தலைப் பீட்டர் என்று பொருள்படும் ஸ்ட்ரூவெல்பீட்டர் என்ற பெயர் பின்னர் நிலைத்தது. 1876இல் நூறாவது பதிப்பு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1891இல் பெர்லினில் தங்கியிருந்தபோது, தம் பெண்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அதை ஆங்கிலத்தில் ஆக்கினார்.

இந்நூலில் அச்சமூட்டும் பக்கங்களும் உண்டு. விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் வெட்டிவிடுகிறார். சூப் குடிக்காதவன் ஐந்தாம் நாளில் இறந்தே போகிறான். மழலையருக்கு இது தகுமா என்று பெற்றோர் பலர் இன்றும் கேட்கின்றனர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் குழந்தையின் கண்ணோடு பார்க்க முயன்றவர் ஹாஃப்மன் என்பதை நாம் மறுக்க இயலாது.

அதே பார்வையை அவர் மனநோயாளரிடமும் காட்டினார். 1851இல் நகர மனநோய் மருத்துவமனையின் பொறுப்பேற்றார். இடுக்கமான பழைய கட்டடத்தில் அடைபட்டிருந்தோர் வேண்டாதவர்கள் அல்லர், நோயாளிகள் என்று நகர மக்களுக்கு எடுத்துரைத்தார். அவருடைய விடாமுயற்சியால் 1864இல் நகருக்கு வெளியே, தோட்டம் சூழ்ந்த புதிய மருத்துவமனை எழுந்தது. 1888 வரை அங்கே தொண்டாற்றினார். ஏழைச் சிறுவனொருவன் நோயுற்றுக் கிடக்கும் கிறிஸ்துமஸ் இரவைப் பற்றி 1851இல் அவர் ஆக்கிய மற்றொரு படப்புத்தகத்திலும் அந்த இரக்கமே தெரிகிறது.

யாருக்காக அந்த நோட்டு வரையப்பட்டதோ அந்த மகன் கார்ல், 1868இல் கடல் கடந்த பெரு நாட்டில், முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்தான். உலகக் குழந்தைகளையெல்லாம் சிரிக்க வைத்த தந்தைக்கு வாய்த்த துயரம் அது. எனினும் அவர் தம் நோயாளிகளைக் கைவிடவில்லை. 1894 செப்டம்பர் 20ஆம் நாள் ஹாஃப்மன் மறைந்தார். தந்தை மகனுக்குத் தந்த அந்த நோட்டு நூரம்பர்க் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அன்பு மாணவியரே, வரும் கிறிஸ்துமஸுக்குத் தம்பி தங்கையருக்கு என்ன தரலாம் என்று யோசிக்கிறீர்களா? கடையில் கிடைக்கவில்லையே, கையில் காசில்லையே என்று நாம் வருந்த வேண்டாம். ஒரு வெற்று நோட்டும் நான்கு வண்ணப் பென்சில்களும் போதும். அக்குழந்தைக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாழிகை உட்கார்ந்து சிந்திப்போமாக. அந்தச் சிந்தனைதான் பரிசின் முதற்பக்கம்.